சிறிய மடிக்கணினியின் ஆயுள்

முற்காலத்து மாணாக்கனுக்கு ஏடும் எழுத்தாணியும் எவ்வாறோ, இக்காலத்து மாணாக்கனுக்கு மடிக்கணினி அவ்வாறாயிற்று. பாடக் குறிப்பு, வினாத்தாள், ஆய்வேடு, கடிதம், கணக்கு, நிழற்படம் ஆகிய யாவும் ஒரு சிறு பெட்டியினுள் அடங்கிவிடுகின்றன. அப்பெட்டி துவிச்சக்கரவண்டியின் பின்னிருக்கையிலும், நெருக்கமான பேருந்திலும், இரவுப் புகையிரதத்திலும் உடையானோடு செல்கின்றது. அது பழுதுறும்போது ஒரு குடும்பம் பல மாதங்களாகச் சேர்த்த பணமும் பழுதாகின்றது. சில வேளைகளில், சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முதல்வாரத்தில் ஓர் ஆய்வேடே மறைந்துபோகின்றது. இவ்வளவு பொறுப்பை ஏற்கும் பொருளை வாங்கச் செல்வோரிற் பலர் கடைக்காரரிடம் வினவுவன இரண்டே: விலை யாது? வேகம் யாது? எத்தனை ஆண்டு உழைக்கும் என்னும் மூன்றாம் வினா அரிதாகவே எழுகின்றது. எழுந்தாலும், ஓராண்டு உத்தரவாதம் உண்டு என்ற விடையோடு அஃது அடங்கிவிடுகின்றது. அம்மூன்றாம் வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

கையிற் கொண்டு செல்லத்தக்க கணினி என்னும் எண்ணம், அத்தகைய கணினி தோன்றுவதற்கு முன்னரே தோன்றியது. அமெரிக்க அறிஞர் அலன் கே என்பார் 1972இல் எழுதிய கட்டுரையொன்றிற் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் ஏற்ற ‘டைனாபுக்’ என்னும் கருவியைக் கற்பனை செய்தார். அது குறிப்புப் புத்தகத்தின் அளவினதாய், நான்கு இறாத்தலுக்குக் குறைந்த நிறையினதாய் இருத்தல் வேண்டும் என்றார். கற்பனை அவ்வாறிருக்க, 1981இல் விற்பனைக்கு வந்த ஒஸ்போண் என்னும் ‘காவுகணினி’ ஏறத்தாழ 24 இறாத்தல் நிறையுடையதாயிருந்தது. அதனைச் சுமந்தவர் தையற் பொறியொன்றைச் சுமந்தவர் போலவே நடந்திருப்பர். அடுத்த ஆண்டில் வந்த கிறிட் கொம்பஸ் என்னும் பொறியே இன்றைய வடிவத்தின் முன்னோடி எனலாம். திரை விசைப்பலகையின்மீது சிப்பிபோல் மடிந்தது. உடல் மகனீசியக் கலப்புலோகத்தாலாயது. எண்ணாயிரம் டொலருக்கு மேற்பட்ட விலையினதாகிய அப்பொறி விண்ணோடங்களிலும் ஏறிச் சென்றது. உறுதி என்பது பிற்காலத்தார் கூட்டிய அணியன்று, பிறப்பிலேயே மடிக்கணினியோடு கூடப்பிறந்தது என்பதற்கு இது சான்று.

இனிச் சிறிது என்பதற்கு எல்லை யாது? அவ்வெல்லையை வகுப்பது மனிதனின் கையே. விசைகளின் நடுவிடங்களுக்கிடையே ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் இருந்தாலன்றி இரு கைவிரல்களும் தடுமாற்றமின்றி இயங்கா. இதனை வெல்ல முயன்ற ஐ.பி.எம். நிறுவனம் 1995இல் திங்க்பாட் 701 என்னும் பொறியிலே மூடியைத் திறக்கும்போது இரு துண்டாகிய விசைப்பலகை வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல விரியும் ஏற்பாடொன்றைச் செய்தது. நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலையில் வைத்துப் போற்றப்படும் அவ்வேலைப்பாடு நீடிக்கவில்லை. திரைகள் அகன்றதும் அதன் தேவை அற்றுப்போயிற்று. பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குலத் திரையுடைய பொறிகளில் முழு விசைப்பலகை இயல்பாகவே அடங்குகின்றது. அதனினும் சிறியவற்றை வாங்குவோர் விரல்களின் வசதியை விட்டுக்கொடுத்தே வாங்குகின்றனர். நெடுங்கட்டுரை எழுதுவார்க்கு அஃது ஏற்றதன்று.

சிறுமையும் உறுதியும் ஒன்றோடொன்று பொருந்துமோ என ஐயுறுவார் யப்பானைப் பார்த்தல் தகும். அந்நாட்டிலே பனசோனிக் நிறுவனம் 1996 முதல் ‘லெற்ஸ் நோற்’ என்னும் வரிசையைச் செய்து வருகின்றது. யப்பானுக்கு வெளியே அதனை அறிந்தோர் சிலரே. காலையிலே தோக்கியோவின் புகையிரதங்களில் மனிதர் மனிதரை நெருக்கிக்கொண்டு நிற்பர். கைப்பையினுள் இருக்கும் கணினி அந்நெருக்கத்தின் பாரத்தைத் தாங்கவேண்டும். அதனால் அதன் மூடி மோட்டார் வண்டியின் முன்மூடிபோல மேடும் பள்ளமுமாக வார்க்கப்பட்டது. தட்டையான தகட்டினும் மடிப்புடைய தகடு வளைவை எதிர்க்கும் என்பது கூரைத் தகரத்தைக் கண்ட எவரும் அறிந்ததே. நூறு கிலோகிராம் அளவிலான அழுத்தத்துக்கும், மேசையின் உயரமாகிய 76 சென்ரிமீற்றரிலிருந்து விழுதலுக்கும் அது சோதிக்கப்படுகின்றது. நிறையோ பல மாதிரிகளில் ஒரு கிலோகிராமை ஒட்டியது. மெலிந்த உருவத்தை விரும்பும் கண்ணுக்கு அதன் தடித்த விளிம்பு அழகாய்த் தோன்றாது. ஆயின் அத்தடிப்பினுள்ளே பயனரே கழற்றி மாற்றத்தக்க மின்கலம் இருக்கின்றது. அதன் பயன் பின்னர்ப் புலப்படும். விலை மிகுதி என்பதும், விசைப்பலகை யப்பானிய எழுத்துக்களோடு வருவது என்பதும் நம் நாட்டார்க்குத் தடைகள்.

விளம்பரங்களிற் காணப்படும் ‘இராணுவத் தர உறுதி’ என்னும் சொற்றொடர்பற்றி ஒருவார்த்தை. ‘மில்-எஸ்.ரி.டி.-810’ என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுதி. வெப்பம், குளிர், ஈரம், தூசி, அதிர்வு, வீழ்ச்சி எனப் பல முறைகள் அதிலுண்டு. அவற்றுள் எதனைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தெரிவு செய்கின்றார். தேறியதெனச் சான்றிதழ் வழங்கும் அரச நிலையம் எதுவுமில்லை. வீழ்ச்சிச் சோதனையிலே 122 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து 26 முறை போடல் வேண்டும் என்பது விதி. அவ்விருபத்தாறையும் ஐந்து பொறிகளுக்குப் பங்கிட்டுக்கொள்ளவும் அதே விதி இடந்தருகின்றது. ஆகவே அச்சொற்றொடர் முற்றாகப் பொய்யன்று. எந்தச் சோதனை, எந்த அளவு என்று கூறாதவிடத்து அதனால் அறியக்கிடப்பது சிறிது.

உண்மையில், மடிக்கணினிகள் மலைமேலிருந்து விழுந்து உடைவதில்லை. அன்றாடப் பயன்பாட்டிலே மெல்லமெல்லத் தேய்ந்தே அவை மடிகின்றன. முதலிற் சொல்லத்தக்கது பிணைச்சல். மலிவான பொறிகளில் உலோகப் பிணைச்சல் பிளாத்திக்கு உடலிற் பதித்த சிறு பித்தளைக் குழைகளைப் பற்றி நிற்கின்றது. நாளொன்றுக்குப் பத்து முறை திறந்து மூடப் பிணைச்சல் இறுகும், பிளாத்திக்கு வெடிக்கும், ஈற்றில் திரையின் மூலை பெயர்ந்து நிற்கும். அடுத்தது மின்னேற்றியின் முனை செருகும் வாய். கம்பி இடறப்படும் ஒவ்வொரு முறையும் அவ்வாய் தாய்ப்பலகையோடு ஒட்டிய பற்றாசு அசைகின்றது. மூன்றாவது, விசைப்பலகையிற் சிந்தும் தேநீர். சில திங்க்பாட் மாதிரிகளில் விசைப்பலகையின் கீழ் வடிகால் அமைத்து, சிந்திய நீர் அடிப்புறத் துளையால் வெளியேறச் செய்தனர். இத்தகைய சிறு முன்யோசனைகளே ஒரு பொறியின் தரத்தைக் காட்டுவன. அந்த வரிசையே 2003இல் வேறொன்றையும் கண்டது: பொறி கைநழுவுவதை உணர்கருவி உணர்ந்து, விழுந்து மோதுமுன் வன்தட்டின் படிப்புமுனையை ஒதுக்கிவிடும். இன்று அசையும் உறுப்பற்ற திண்மச் சேமிப்பகம் பரவியதால் அவ்வேற்பாடு வேண்டாததாயிற்று. வீழ்ச்சியால் எழுத்துக்கள் அழிவது பெரிதும் குறைந்தது.

பயன்படுத்தினும் பயன்படுத்தாவிடினும் தேய்ந்தே தீரும் உறுப்பு ஒன்றுண்டு, அது மின்கலம். இலிதியம்-அயன் மின்கலம் சில நூறு முதல் ஓராயிரம் வரையிலான மின்னேற்றச் சுற்றுகளின் பின் தன் கொள்ளளவில் ஐந்திலொரு பங்கை இழக்கின்றது. வெப்பமும், எந்நேரமும் முழுமையாக ஏற்றி வைத்தலும் அத்தேய்வை விரைவுபடுத்துகின்றன. ஆண்டு முழுவதும் வெம்மையான நாட்டிலே பொறியை மெத்தையின்மேல் வைத்து, மின்னேற்றியை இரவும் பகலும் செருகி விடுவோர், மூன்றாண்டில் வரவேண்டிய கேட்டை ஓராண்டிலே வரவழைத்துக்கொள்கின்றனர். பல நிறுவனங்களின் மென்பொருளில் ஏற்றத்தை நூற்றுக்கு எண்பதோடு நிறுத்தும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் சிலரே. வீங்கிய மின்கலம் தொடுபலகையை மேலெழுப்பும். அவ்வாறு எழும்பக் கண்டால் உடனே நிறுத்தி மாற்றுதல் வேண்டும், தீப்பற்றவும் கூடும். 2022 மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டபோது, தேய்ந்த மின்கலத்தையுடைய மடிக்கணினி மேசைக் கணினியினும் பயனற்றது என்பதைப் பலர் அனுபவத்தாற் கண்டனர்.

ஒரு பொறியின் ஆயுள் அதன் வலிய உறுப்பினால் அளக்கப்படுவதன்று. முதலிற் கெடும் உறுப்பு எது, அதனை மாற்ற இயலுமா என்பதே அளவுகோல். இக்கருத்தை விளக்கத் திங்க்பாட் எக்ஸ் வரிசையின் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

திங்க்பாட் என்னும் பெயர் 1992இல் எழுந்தது. யப்பானியரின் உணவுப் பேழையை நினைவூட்டும் அக்கரிய பெட்டியை வகுத்தவர் றிச்சாட் சப்பர் என்னும் ஜேர்மன் வடிவமைப்பாளர், உருவாக்கியது ஐ.பி.எம்.மின் யமத்தோ ஆய்வுகூடம். 2005இல் அவ்வணிகம் சீன நிறுவனமாகிய லெனோவோவிடம் சென்றது. அவ்வரிசையில் 2011இல் வந்த எக்ஸ்220 பன்னிரண்டரை அங்குலத் திரையும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையும் உடையது. மின்கலம் பின்புறத்தில் தாழ்ப்பாளைத் தள்ளிய மாத்திரத்திற் கழன்றது. நினைவகத்துக்கு இரண்டு செருகிடங்கள் இருந்தன. வன்தட்டு ஒரு திருகாணியின் காவலில் இருந்தது. பத்தாண்டுகளின் பின்னும் அதனைத் திருத்திப் பயன்படுத்தும் கூட்டத்தார் உலகெங்கும் இருந்தமைக்குக் காரணம் இதுவே. 2013இல் வந்த எக்ஸ்240இல் நினைவகச் செருகிடம் ஒன்றாயிற்று. 2017இன் எக்ஸ்270 அவ்வொன்றையும், வெளியே கழற்றும் மின்கலத்தையும் காத்து நின்றது. 2018இல் எக்ஸ்280 வந்தபோது நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராமாகக் குறைந்தது. மின்கலம் உள்ளே போயிற்று. நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றாசிடப்பட்டது. முந்நூறு கிராம் நிறையைக் குறைக்க உடையான் கொடுத்த விலை இது. தோளிற் சுமப்பவர் அதனை நல்ல பேரம் என்பர். ஐந்தாம் ஆண்டிலே நினைவகம் போதாமற் பொறி திணறும்போது அப்பேரத்தின் மறுபக்கம் தெரியும்.

மெலிவை நாடிய ஏனையோரும் இதே வழியிற் சென்றனர். அப்பிள் நிறுவனம் 2015இற் கொணர்ந்த பன்னிரண்டு அங்குல மக்புக் ஒரு கிலோகிராமினும் குறைந்தது. அதன் மெல்லிய விசைப்பலகையில் ஒரு தூசித்துகள் புகினும் விசை சிக்கும் என்ற குறைபாடு பரவியது. 2018இல் அந்நிறுவனம் கட்டணமின்றித் திருத்தும் திட்டமொன்றை அறிவித்தது. 2019 இறுதியிற் பழைய பொறிமுறைக்குத் திரும்பத் தொடங்கியது. ஆயினும் 2020இல் வந்த எம்1 மக்புக் எயர் வேறோர் உண்மையை உணர்த்துகின்றது. அதில் விசிறி இல்லை. அசையும் உறுப்பு அருகியமையாலும், தூசியை உறிஞ்சும் காற்றோட்டம் இல்லாமையாலும் கெடுவதற்கான வாயில்களும் குறைந்தன. அதே பொறியில் நினைவகமும் சேமிப்பகமும் தாய்ப்பலகையோடு ஒன்றியவை. பலகை கெடின் உள்ளிருந்த எழுத்துக்களை வேறொரு பொறியிற் செருகி மீட்டல் இயலாது. அரிதிற் கெடுவது ஒன்று. கெட்டாற் திருத்தக்கூடியது மற்றொன்று. இரண்டும் நம்பகமே. உத்தரவாத நிலையம் அருகிலிருப்போரும், பிரதி வைக்கும் பழக்கமுடையோரும் முன்னதைக் கொள்ளலாம். திருத்துவோர் கடையொன்றையே நம்பியிருக்கும் ஊரவர்க்குப் பின்னதே துணை.

மேல்நாடுகளிலும் இவ்வுண்மை உணரப்பட்டு வருகின்றது. பிரான்சு தேசம் 2021 சனவரி முதல் மடிக்கணினிகளின்மீது திருத்தத்தகைமைக்குப் பத்துக்கு இத்தனை புள்ளி எனப் பொறிக்க வேண்டுமென்று விதித்தது. அவ்வாண்டிலேயே பிறேம்வேக் என்னும் அமெரிக்க நிறுவனம், அடியிலுள்ள ஐந்து திருகாணிகளைத் தளர்த்தி எவ்வுறுப்பையும் மாற்றத்தக்க பதின்மூன்றரை அங்குலப் பொறியை விற்கத் தொடங்கியது. அதன் நிறை 1.3 கிலோகிராம். மெலிவும் திருத்தத்தகைமையும் ஒருங்கே அமையா என்பாரின் கூற்று அதனாற் பெரிதும் தளர்ந்தது.

இதுவரை கூறியவை உடல்பற்றியன. மென்பொருளால் வரும் முதுமையும் உண்டு. அது பொறியின் மேனியில் ஒரு கீறலையும் காட்டாது வருவது. மைக்குறோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை நிறுத்தியது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, இன்ரெல் செயலிகளுள் மிகச் சில விலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையினவற்றையும் அதன் பின்னவற்றையுமே ஏற்கின்றது. இதன் விளைவு வேடிக்கையானது. ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளோடு வந்தமையால், உறுப்புகளை மாற்றத்தக்க எக்ஸ்270 வாயிற்படியில் நிறுத்தப்பட்டது. உறுப்புகள் ஒட்டிய எக்ஸ்280 தன் எட்டாம் தலைமுறைச் செயலியின் வலியால் உள்ளே சென்றது. திருத்தக்கூடியதைத் திருத்திக்கொண்டே போகலாம் என்றிருந்தவர் எதிர்பாராதது இது. லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவின் எக்ஸ்270 இன்னும் பல ஆண்டு பாதுகாப்பாக உழைக்கும். தமிழ் எழுதுவதற்கும், இணையத்திற் படிப்பதற்கும், கட்டுரை ஆக்குவதற்கும் அஃது அமையும். அலுவலகமோ பல்கலைக்கழகமோ விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருளை வேண்டினால் அவ்வழி அடைபடும். எனவே உறுதியான உடலைக் கண்டு மகிழுமுன், இயங்குதளத்தின் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை வரும் என அறிதல் வேண்டும்.

ஓரளவு பணமே உடையவர் புதிய மலிவுப் பொறியை வாங்குவதா, பழைய உயர்தரப் பொறியை வாங்குவதா என்பது அடிக்கடி எழும் வினா. மேல்நாட்டு நிறுவனங்கள் தம் அலுவலர்க்கு அளித்து, மூன்று நான்கு ஆண்டின் பின் கழித்த வணிகத்தர மடிக்கணினிகள் சந்தைக்கு வருகின்றன. அவற்றின் பிணைச்சல் உலோகச் சட்டத்திற் பதிந்தது; விசைப்பலகையும் மின்கலமும் தனித்தனியே விலைக்குக் கிடைக்கும்; கழற்றிப் பூட்டும் முறையை விளக்கும் கைந்நூலை உற்பத்தியாளரே வெளியிட்டிருப்பர். அதே விலைக்குக் கிடைக்கும் புதிய மலிவுப் பொறியில் இவற்றுட் பல இரா. மாணாக்கனுக்கு முன்னதே பெரும்பாலும் நன்று. ஆயின் அதனை வாங்கும்போது புதிய மின்கலத்தின் விலையையும் உடன் சேர்த்தே கணக்கிடவேண்டும். பழைய பொறியின் மின்கலம் நல்லது என்று விற்பவர் கூறுவது, பழைய வீடு ஒழுகாது என்று தரகர் கூறுவதை ஒக்கும்.

கடையிலே கால்மணி நேரம் செலவிடுவார்க்குப் பல செய்திகள் வெளிப்படும். மூடியை ஒரு மூலையிற் பிடித்துத் திறக்கத் திரை முறுகுமாயின் உடல் வலியற்றது. விசைப்பலகையின் நடுவை அழுத்த அது தாழுமாயின் அதன் கீழ்ச் சட்டம் மெலிது. யூ.எஸ்.பி.-சி வாய்கள் இரண்டிருந்து, இரண்டும் மின்னேற்றத் தக்கவையாயின், ஒன்று கெட்டாலும் மற்றது உதவும்; அவ்வகை மின்னேற்றி தொலைந்தாலும் வேறொன்றைப் பெறல் எளிது. விண்டோஸ் பொறியில் ‘பவர்சிஎஃப்ஜி பற்றறிறிப்போட்’ என்னும் கட்டளையைத் தட்டச்சிட்டால், மின்கலம் பிறந்தபோது கொண்டிருந்த கொள்ளளவும் இன்று கொண்டிருப்பதும் அருகருகே தோன்றும். நினைவகம் பற்றாசிடப்பட்டதாயின் தொடக்கத்திலேயே 16 கிகாபைற்று உள்ளதைக் கொள்ளுதல் வேண்டும். செருகிடம் உள்ளதாயின் எட்டோடு தொடங்கி, வசதி வந்தபோது கூட்டலாம்.

சேமிப்பகம் திண்மமானது என்பதால் அழியாதது என எண்ணுதல் கூடாது. பழைய வன்தட்டு சாகுமுன் பெரும்பாலும் கரகரவென ஒலித்து எச்சரித்தது. திண்மச் சேமிப்பகம் நேற்று மாலை இயங்கி இன்று காலை வாய்திறவாது போகவும் கூடும். மிகச் சிறந்த பொறியை வாங்கியவரும், வாங்கிய நாளிலேயே வெளிச் சேமிப்பகம் ஒன்றையும் வாங்கி, கிழமைக்கொரு நாள் தம் எழுத்துக்களை அதிற் பிரதிசெய்து, அதனைக் கணினிப் பையினுள் வையாது வீட்டு அலுமாரியில் வைத்தல் வேண்டும். பை தொலைந்தால் இரண்டும் ஒருங்கே தொலையும்.